சை-ஹப் திருட்டா? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் விருதுநகர் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல கெமிஸ்ட்ரி பிஹெச்டி பண்ணிட்டு இருக்கேன். எங்க லைப்ரரில ஆன்லைன் ஜர்னல்னு பேருக்கு கொஞ்சம் இருக்கு, எனக்கு வேண்டியது எதுவும் அதுல கிடையாது. ஒரே ஒரு ஆராய்ச்சி பேப்பர் படிக்க 35, 40 டாலர் கேக்கறாங்க. இத்தன நாளா எல்லாரும் காசு கட்டாம பேப்பர் இறக்கிக்கற சை-ஹப்ங்கற சைட்லதான் எடுத்துட்டு இருந்தோம். 2025 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட் பிளாக் பண்ண சொன்னதுலேர்ந்து அதுவும் போச்சு.

எங்க கைடு "நல்லது, திருட்டு பிடிஎஃப் வெச்சு தீசிஸ் எழுதறது நின்னுச்சு"ங்கறார். ரூம்மேட் என்னடான்னா "காப்பி எடுக்க காசே ஆகாதுன்னு ஆனப்பறம் எந்த கம்பெனியாலயும் அறிவ புடிச்சு வெக்க முடியாது, இவங்க காலம் முடிஞ்சுது, கோர்ட் ஆர்டர்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்"ங்கறான். யார் சொல்றது சரி? இன்னொண்ணு, என் முதல் பேப்பர் ரெடியா இருக்கு, ஸ்கோபஸ்ங்கற ஜர்னல் பட்டியல்ல இருக்கற ஜர்னலுக்குத்தான் அனுப்பணும்னு கைடு பிடிவாதமா இருக்கார். என்ன பண்ணட்டும்? பேர் போட வேண்டாம் ப்ளீஸ்.

———

அன்புள்ள தம்பி,

திருட்டுங்கற வார்த்தைய உங்க கைடு ரொம்ப சுலபமா சொல்லிட்டார், அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். சட்டப்படி பார்த்தா சை-ஹப் பண்றது காப்பிரைட் மீறல்தான், அத சுத்தி வளைச்சு பேச வேண்டியதில்ல. சொந்த ஆராய்ச்சிக்காக நியாயமான அளவுல எடுத்துக்கலாம்னு நம்ம காப்பிரைட் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது, ஆனா அது உங்க டேபிள்ல இருக்கற ஒரு பிடிஎஃபுக்கு பொருந்தறதும் 8 கோடி பேப்பருக்கு மேல அடுக்கி வெச்சிருக்கற ஒரு குடோனுக்கு பொருந்தறதும் ஒண்ணு இல்ல. சரி, சட்டம் அப்படி. ஆனா திருட்டுன்னா யாரோ ஒருத்தரோட பொருள் போகணும்ல, யாரோடது போச்சு?

ஒரு பேப்பர் எப்படி உருவாகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆராய்ச்சிக்கு காசு பெரும்பாலும் ஏதோ ஒரு அரசாங்கம் குடுக்குது, எழுதறவனுக்கு ஜர்னல் ஒத்த பைசா தராது, அத படிச்சு சரி பார்க்கற ரெவ்யூவருக்கும் கிடையாது, எழுதினவன் கையெழுத்து போட்டு காப்பிரைட்டையும் சும்மாவே குடுத்துடறான், அப்பறம் அதே யுனிவர்சிட்டி லைப்ரரி அதே பேப்பர காசு குடுத்து வாங்குது. நம்ம வீட்டு அரிசி, நம்ம வீட்டு ஆளு சமையல், பந்தில உக்கார மட்டும் நாமளே டோக்கன் வாங்கணுங்கற கதை. பதிப்பகத்துக்கு செலவே இல்லன்னு சொல்ல மாட்டேன். காப்பி எடிட்டிங், டைப்செட்டிங், சர்வர் எல்லாம் இருக்கு. அதுலயும் பாருங்க, உலகத்துல பெரிய பெரிய ஜர்னல்களோட பக்கம் கட்டற வேலைல ஒரு பெரும் பங்கு சென்னையிலயும் பாண்டிச்சேரியிலயும் இருக்கற கம்பெனிகள்லதான் நடக்குது. நம்ம ஊர்ப் பசங்க நைட் ஷிஃப்ட் போட்டு அலைன் பண்ற பக்கத்த விருதுநகர்ல இருக்கற நீங்க படிக்க மூவாயிரம் ரூபா. பெரிய ஜர்னல் பதிப்பகமான எல்சவியரோட தாய்க் கம்பெனி தன்னோட சயின்ஸ் பதிப்பு பிரிவுல வருஷா வருஷம் காட்டற லாபம் வருமானத்துல 35 சதவீதத்துக்கு மேல. மத்த எந்த பதிப்பாளர் கிட்டயாவது இந்த கணக்க சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க.

இந்த வியாபாரத்த இந்த அளவுக்கு கொண்டு வந்ததுல முக்கியமான ஆள் ராபர்ட் மாக்ஸ்வெல். 1951-ல பெர்கமான் பிரஸ்ங்கற பதிப்பகத்த கையில எடுத்தார். அதுவரைக்கும் ஜர்னல்னா பெரும்பாலும் விஞ்ஞானிகள் சங்கம் நடத்தற விஷயம், லாபம்லாம் பெருசா யாரும் யோசிக்கல. மாக்ஸ்வெல் கண்டுபிடிச்சது ஒரே ஒரு விஷயந்தான், ஒரு பேப்பருக்கு பதிலா இன்னொரு பேப்பர் படிச்சு வேலைய முடிக்க முடியாது. சோப்பு விலை ஏறினா வேற சோப்பு வாங்கலாம், ஆனா உங்களுக்கு வேண்டிய அந்த கேட்டலிஸ்ட் பத்தின ரிசல்ட் ஒரே ஒரு ஜர்னல்லதான் இருக்கும். அதனால புதுப்புது துறைக்கு புதுப்புது ஜர்னல், ஒவ்வொண்ணையும் லைப்ரரி வாங்கியே ஆகணும். 1991-ல பெர்கமான எல்சவியருக்கு வித்தார், அதே வருஷம் செத்தும் போனார்.

இப்ப உங்க ரூம்மேட்டுக்கு வரேன். டெக்னாலஜி வந்ததும் கம்பெனிகள் காலி ஆயிடும்னு 90கள்ல நிஜமாவே நிறைய பேர் நம்பினாங்க. நடந்தது என்னன்னா முதல் ரவுண்ட்ல டிஜிட்டல் ஜெயிக்க வெச்சது கம்பெனிகளத்தான். இத யாரும் அதிகம் பேசறதில்ல. அச்சு ஜர்னல் இருந்தப்ப லைப்ரரி ஒரு வால்யூம் வாங்கினா அது லைப்ரரியோட சொத்து, அடுத்த வருஷம் சந்தா கட்டலன்னாலும் பழசு அலமாரில இருக்கும், யாரு வேணா வந்து படிக்கலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம். ஆன்லைன் ஆனதும் அது வாங்கறது இல்ல, வாடகை. சந்தா நின்னா பல இடத்துல பழசும் சேர்ந்து போயிடும். 90கள் கடைசிலேர்ந்து நூத்துக்கணக்கான ஜர்னல ஒரே கட்டா கட்டி விக்க ஆரம்பிச்சாங்க, கேபிள்காரன் வேண்டாத சேனலையும் சேர்த்து தலையில கட்டுவான்ல, அதேதான். பெரிய கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியே 2019-ல எல்சவியர் காண்ட்ராக்ட வேண்டாம்னு தூக்கிப் போடற அளவுக்கு போச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வேற கண்டிஷன்ல திரும்ப கையெழுத்து ஆச்சு. அவங்களுக்கே அந்த கதின்னா உங்க காலேஜ் லைப்ரரியன் என்ன பேரம் பேசுவார் பாவம்.

ரெண்டாவது ரவுண்ட்லதான் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் வராங்க. கஜகஸ்தான் பொண்ணு, மூளை சம்பந்தமான ஆராய்ச்சிக்கு பேப்பர் கிடைக்காம அல்லாடினவங்க, 2011-ல சை-ஹப் ஆரம்பிச்சாங்க. வேலை செய்யற விதம் சிம்பிள், ஏதோ ஒரு யுனிவர்சிட்டியோட லாகின் வழியா பேப்பர எடுக்கும், எடுத்ததுல ஒரு காப்பிய தன்கிட்ட வெச்சுக்கும், அடுத்த தடவை யார் கேட்டாலும் அங்கேர்ந்தே குடுக்கும். 2015 செப்டம்பர்லேர்ந்து ஆறு மாசத்துக்கான டவுன்லோட் கணக்க 'சயின்ஸ்' பத்திரிகை வெளியிட்டுச்சு, மொத்தம் 2 கோடியே 80 லட்சம், அதுல இந்தியா மட்டும் 34 லட்சம். ஆனா ஏழை நாடுங்கதான் எடுக்குதுன்னு நினைக்காதீங்க, லைப்ரரில எல்லா வசதியும் இருக்கற அமெரிக்க யுனிவர்சிட்டி ஊர்கள்லேர்ந்தும் ஏகப்பட்ட டவுன்லோட், ஏன்னா நாலு பாஸ்வேர்ட் போட்டு உள்ள போறதுக்கு இது ஈசி. 2017-ல நியூயார்க் கோர்ட் 1.5 கோடி டாலர் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு, அவங்க குடுக்கவும் இல்ல, கடைய மூடவும் இல்ல.

இதுக்கு முன்னாடி ஆரன் ஸ்வார்ட்ஸ் கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். எம்ஐடி கட்டடத்துல ஒரு ஒயரிங் ரூம்ல லேப்டாப்ப வெச்சு ஜேஸ்டோர்ங்கற ஆன்லைன் ஜர்னல் லைப்ரரிலேர்ந்து லட்சக்கணக்குல கட்டுரை இறக்கினார், ஜேஸ்டோர் தன் பக்கத்துல பிரச்சனைய முடிச்சுக்கிச்சு, ஆனா அமெரிக்க அரசு வக்கீல்கள் விடல, 2013 ஜனவரில 26 வயசுல தற்கொலை பண்ணிக்கிட்டார். அந்த பையன திருடன்னு சொன்னவங்க இப்ப வரிசையா வந்து பேசட்டும்னு எனக்கு ஒரு ஆசை. ஏன்னா சை-ஹப்கூடவே டெல்லில கேஸ் வாங்கின லிப்ஜென்ங்கற திருட்டு புத்தக சைட்லேர்ந்து ஃபேஸ்புக் நடத்தற மெட்டா தன்னோட ஏஐய பழக்க புத்தகங்கள எடுத்துக்கிச்சுன்னு 2025-ல கோர்ட் ஆவணத்துலயே வெளிவந்துச்சு, ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி இப்படி திருட்டு காப்பியா எடுத்த புத்தகங்களுக்காக அதே வருஷம் எழுத்தாளர்களோட 150 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் பண்ணுச்சு. இன்னொரு பக்கம் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ்ங்கற பதிப்பகத்தோட தாய்க் கம்பெனி 2024-ல மைக்ரோசாஃப்டுக்கு தன்கிட்ட இருக்கற ஆராய்ச்சி எழுத்துகள ஏஐக்காக வித்துச்சு, எழுதின ப்ரொஃபசர்கள் பல பேருக்கு நியூஸ் பார்த்துத்தான் தெரியும். காப்பிரைட்ட சும்மா தூக்கி குடுத்தா இப்படித்தான் ஆகும்.

கோர்ட் எப்பவும் கம்பெனி பக்கம்தான்னு உங்க ஃப்ரெண்ட் நினைச்சா அதுவும் தப்பு. அதே டெல்லி ஹைகோர்ட்தான் 2016-ல ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை கேஸ்ல வேற மாதிரி தீர்ப்பு சொன்னது. டெல்லி யுனிவர்சிட்டி வளாகத்துல ஒரு சின்ன கடை, பாடத்துக்கு வேண்டிய பக்கங்கள ஜெராக்ஸ் எடுத்து கட்டா பைண்ட் பண்ணி வித்தாங்க, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூணு பதிப்பகமும் 2012-ல கேஸ் போட்டாங்க. பாடம் நடத்தறதுக்காக காப்பி எடுக்கறத சட்டமே அனுமதிக்குது, காப்பிரைட் ஒண்ணும் கடவுள் குடுத்த உரிமை இல்லன்னு நீதிபதி எண்ட்லா சொன்னார். 2017-ல மூணு பேரும் கேஸையே வாபஸ் வாங்கிட்டாங்க. கவனிச்சீங்கன்னா அந்த சண்டைல எழுதினவங்களே, அமர்த்தியா சென் உட்பட, பதிப்பகத்துக்கு எதிரா மாணவர்கள் பக்கம் நின்னாங்க.

நம்ம அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன்', அதாவது எல்லாருக்கும் சேர்த்து அரசே ஜர்னல் சந்தா கட்டற திட்டம். 2024 நவம்பர்ல கேபினட் ஓகே சொல்லி மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பதிப்பகம், ஏறக்குறைய 13,000 ஜர்னல், 6,300 அரசு நிறுவனங்கள். கேக்க நல்லாத்தான் இருக்கு, அரசு காலேஜ் பசங்களுக்கு நிஜமாவே பெரிய விஷயம், நான் மறுக்கல. ஆனா முதல் கட்டத்துல தனியார் காலேஜ் கிடையாது, அதனாலதான் நீங்க வெளிய நிக்கறீங்க. தமிழ்நாட்டுல காலேஜ் படிப்புல எவ்ளோ தனியார் கையில இருக்குன்னு உங்களுக்கே தெரியும். என் வருத்தம் அது மட்டும் இல்ல, 6,000 கோடில ஒரு சின்ன துண்ட நம்ம ஊர் ஜர்னல்கள் மேல போட்டிருக்கலாம். பிரேசில் 90கள் கடைசிலேயே சைலோன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, பொதுக் காசுல தங்கள் நாட்டு ஜர்னல்கள எல்லாரும் இலவசமா படிக்கற மாதிரி பண்ணாங்க. தகவல் விஞ்ஞானி சுப்பையா அருணாசலம் இதே விஷயத்த எத்தனையோ வருஷமா எழுதியும் பேசியும் பார்த்தார், யார் காதுல விழுந்துச்சு.

இப்ப என் பாயிண்ட் என்னன்னா, காப்பி மேல போட்ட பூட்டு உடைஞ்சிடுச்சு தம்பி, அதுல உங்க ஃப்ரெண்ட் சரி. கோர்ட் ஒரு சைட்ட பிளாக் பண்ணலாம், காப்பி எடுக்க செலவு இல்லங்கறத பிளாக் பண்ண முடியாது. ஆனா கம்பெனிகள் இத எப்பவோ புரிஞ்சுக்கிட்டு கடைய வேற தெருவுக்கு மாத்திட்டாங்க. இப்ப அவங்க விக்கறது பேப்பர இல்ல, பேர. படிக்கறவன்கிட்ட வாங்கின காச எழுதறவன்கிட்ட வாங்கறாங்க, 'ஓப்பன் ஆக்சஸ்'னு அழகா பேரும் வெச்சுட்டு. 2020-ல நேச்சர் பத்திரிகை அப்படி ஒரு பேப்பர் போட 9,500 யூரோன்னு அறிவிச்சுச்சு, அன்னிக்கு கணக்குல எட்டு லட்சத்துக்கு மேல. உங்க கைடு பிடிவாதமா கேக்கற ஸ்கோபஸ் இருக்கே, அது யாரோடதுன்னு நினைக்கறீங்க? எல்சவியரோடது. சரக்கு விக்கறதும் அவங்க, எந்த சரக்கு தரமானதுன்னு முத்திரை குத்தறதும் அவங்க. அந்த முத்திரைய கேட்டு வாங்கறது யாரு, நம்ம செலக்ஷன் கமிட்டி, நம்ம ப்ரோமோஷன் மார்க். எந்த டெக்னாலஜி வந்து இத உடைக்கும்? இது கம்ப்யூட்டர்ல போட்ட பூட்டே இல்லயே.

உடைக்க முடியும்னு ஒரே ஒரு ஆள் காட்டினார், ரஷ்ய கணக்கு மேதை கிரிகோரி பெரல்மான். நூறு வருஷமா நின்ன பாயின்கரே கணக்குக்கு விடைய 2002, 2003-ல மூணு பகுதியா ஆர்க்கைவ்ங்கற இலவச சைட்ல சும்மா ஏத்தி விட்டார், எந்த ஜர்னலுக்கும் அனுப்பல. கணக்குக்காரங்க உக்காந்து வருஷக்கணக்கா சரி பார்த்து ஒத்துக்கிட்டாங்க. கணக்குக்கான பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் குடுத்தாங்க வேண்டாம்னார், பத்து லட்சம் டாலர் குடுத்தாங்க அதையும் வேண்டாம்னார். ஆர்க்கைவ் 1991-லேர்ந்தே இருக்கு, பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்துல ஆரம்பிச்சது, ஃபிசிக்ஸ்காரங்க முப்பது வருஷத்துக்கு மேல அதுலதான் முதல்ல படிக்கறாங்க. ஆனா அதுக்காக ஃபிசிக்ஸ் ஜர்னல்கள் மூடல, வேலை வேணும்னா பேர் வேணும்ல. பெரல்மானுக்கு வேலை வேண்டாம், உங்களுக்கு வேணும், அதனால அவர மாதிரி இருங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், அது எனக்கு சுலபம், கஷ்டம் உங்களுக்கு.

நீங்க பண்ணக்கூடியது இது. கைடு கேட்ட ஜர்னலுக்கே அனுப்புங்க, சண்டை வேண்டாம், ஆனா எழுதறவன்கிட்ட காசு கேக்காத ஜர்னலா பாருங்க, ஸ்கோபஸ்ல அப்படி நிறைய இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி ப்ரீப்ரிண்ட்ட, அதாவது ரெவ்யூவுக்கு முந்தின வெர்ஷன, கெம்ஆர்க்கைவ்ங்கற கெமிஸ்ட்ரிக்கான இலவச சைட்ல போடுங்க. அது ஆரம்பத்துலேர்ந்தே அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மத்த கெமிஸ்ட்ரி சங்கங்களோட சேர்ந்து நடத்தறது, டெல்லில சை-ஹப் மேல கேஸ் போட்ட மூணு பேர்ல அவங்களும் ஒருத்தர், ஒரு கையில கேஸ் இன்னொரு கையில இலவசம், அவங்களுக்கும் காத்து எந்த பக்கம் அடிக்குதுன்னு தெரியுது. உங்க ஜர்னல் ப்ரீப்ரிண்ட ஒத்துக்குதான்னு மட்டும் முதல்ல பார்த்துக்கோங்க. காப்பிரைட் ஃபார்ம படிக்காம கையெழுத்து போடாதீங்க, ரெவ்யூ முடிஞ்ச உங்க வெர்ஷன எத்தன மாசம் கழிச்சு நீங்களே வெளியிடலாம்னு பல ஜர்னல்ல தெளிவா போட்டிருக்கும். படிக்க பேப்பர் வேணும்னா அன்பேவால்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, சட்டப்படி இலவசமா எங்கயாவது கிடந்தா தேடி எடுத்து குடுக்கும். அதுலயும் இல்லன்னா எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க, பெரும்பாலும் சந்தோஷமா அனுப்புவாங்க, அவங்க பேப்பர ஒருத்தர் கேட்டு வாங்கி படிக்கறதே அபூர்வம்.

கைடுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, மரியாதையாவே. அவர் பிஹெச்டி பண்ணப்ப யார் யார் எந்த ஊர் லைப்ரரிலேர்ந்து அவருக்கு ஜெராக்ஸ் எடுத்து தபால்ல அனுப்பினாங்கன்னு. என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.