ஆறால் வகுபடும் வைரஸ்

குடியாத்தத்திலிருந்து பிளஸ் டூ மகளோடு வந்திருந்த அம்மாவுக்கு, நேற்று பேச்சில் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

"நீட் கோச்சிங்ல மார்க் ஏறல, இப்ப வைரஸ் படிக்கிறேன்னு நிக்கிறா. அதுல சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் பீடி சுற்றுகிறவர். கட்டுக்கு 25, ஒன்று குறைந்தாலும் ஏஜென்ட் வாங்கமாட்டார். தட்டம்மை வைரஸும் அதே கறார்தான். அதன் மரபுச்செய்தி ஓர் ஆர்.என்.ஏ. இழை, 15,894 வேதி எழுத்து நீளம். வெறுமனே விட்டால் நொதிகள் நறுக்கிப்போடும். அதனால் ஒரு புரதம் இழை நெடுக வரிசையாக உட்கார்ந்து மூடிக்கொள்கிறது, ஒன்றுக்கு 6 எழுத்து வீதம். வகுத்துப் பாருங்கள்: 2,649, மீதி இல்லை. மீதி விழுந்தால் அந்த இழை சரியாகப் படியெடுக்கப்படாது. வெறிநாய்க்கடி வைரஸில் அதே வேலை பார்க்கும் புரதத்துக்கு 9 எழுத்து.

"அங்க ஆறு, இங்க ஏன் சார் ஒன்பது?" என்றாள் உங்கள் பெண். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது.

சோறு உண்டு, தாமதமாக வரும். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனத்தில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். 5 வருடம். திருப்பதி ஐசருக்குக் காட்பாடியிலேயே ரயில் ஏறலாம். நுழைவுத்தேர்வில் 60 கேள்வி. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. இவள் கணக்கைக் கண்டால் ஒதுங்குகிறாள், அதுதான் என் கவலை. புரதம் இழையைப் பிடிக்கும் விதத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அந்தப் படங்களைக் கோத்து உருவம் எடுப்பது முழுக்கக் கணக்கு. ஐசர் கிடைக்காவிட்டால் வேலூரிலேயே பி.எஸ்சி. வேதியியல், பிறகு ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்வதற்கான ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. (வெறும் பெயர் கவர்ச்சிக்காக ஒரு பையனை 'வைராலஜி' போர்டு மாட்டிய கல்லூரிக்கு அனுப்பி நான் பட்டது போதும்.) அடுத்து நெட் தகுதித்தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்கு முப்பது வயதைத் தொடும். அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க முடியுமா என்று வீட்டில் கேளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி லேப் வேலையும் இதுவும் ஒன்றல்ல. அதற்கு டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ போதும், சம்பளமும் சீக்கிரம் வரும். வீட்டுக்கு உடனே பணம் வேண்டுமென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வேறு கணக்குப் போடலாம்.

சனிக்கிழமை அவளை அனுப்புங்கள். கணக்கு நோட்டு மட்டும் போதும், மார்க் ஷீட் வேண்டாம்.