சைனஸ் ஆபரேஷன் செய்தால் தொல்லை அடியோடு போய்விடுமா?

பல வருஷமாக மூக்கடைப்பு, டாக்டர் ஆபரேஷன் சொல்கிறார், அதோடு தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்துகொண்டவன் நான். அடியோடு போகாது. ஆனால் மருந்து உள்ளே போய்ச் சேர வழி திறக்கும். அது சின்ன விஷயமில்லை.

முதலில் இது சைனஸ்தானா, அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் வீக்கம்தானா என்று பாருங்கள். மூக்கடைப்பு, சளி, முகத்தில் பாரம், மணம் தெரியாமை, இவற்றில் குறைந்தது இரண்டு, 12 வாரத்துக்கு மேல் இருக்க வேண்டும். எண்டோஸ்கோப்பிலோ (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்) சி.டி. ஸ்கேனிலோ வீக்கமும் தெரிய வேண்டும். வெறும் தலைவலி என்றால் மைக்ரேனாகவும் இருக்கலாம்.

அடுத்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சரியாக அடிக்கிறீர்களா? நான் இரண்டு வருஷம் தலையை அண்ணாந்து நேராக மேலே அடித்தேன். மருந்தெல்லாம் தொண்டையில் இறங்கியது. ஒரு நர்ஸ்தான் திருத்தினார்: தலையைச் சற்றுக் குனி, வலது துவாரத்துக்கு இடது கை, முனை நடுத்தண்டைப் பார்க்காமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கட்டும், பலமாக உறிஞ்சாதே. ஸ்பிரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். 240 மில்லி தண்ணீருக்கு அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் இல்லாத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுக்கும். கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், அடைப்பு இன்னும் மோசமாகும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையென்றால் ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் மேலுதட்டுக்கு உள்ளே கீறி, கன்னத்து சைனஸின் சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள். ஆஸ்திரியாவின் மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: வேறு ஓட்டை போட்டுக் கொடுத்தாலும் சைனஸின் நுண்மயிர்கள் சளியை இயற்கையான வாசலுக்கே தள்ளுகின்றன. அதனால் இப்போது மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு அந்த வாசலைத்தான் அகலப்படுத்துகிறார்கள். கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய சிக்கல் அபூர்வம்.

எனக்கு வலியைவிடப் பொருக்குதான் பாடு. முதல் வாரம் மூக்குச் சிந்தக் கூடாது. பிறகு டாக்டர் உறிஞ்சி எடுத்தார், மீதி தினமும் கழுவக் கழுவ ரத்தக்கட்டியாக வந்தது. சதை திரும்ப வளரலாம் என்பதால் கழுவுவதும் ஸ்பிரேயும் இன்றும் நிற்கவில்லை. அப்படியும் வளர்ந்தால் டுபிலுமாப் ஊசி உண்டு. அமெரிக்காவில் 2019இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம், குளித்துவிட்டு வந்த மகளின் தலையில் ஷாம்பு வாசம் தெரிந்தது. அவளை விடாமல் பிடித்து நிறுத்தி இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன்.