சட்டகப் பொடியும் நச்சுக் காற்றும்: கேள்வி-பதில்

(சட்டகம் என்பது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கோத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த பொருள்; ஆங்கிலத்தில் எம்.ஓ.எஃப். துளைக்குள் வாயுவைப் பிடித்து வைக்கும்.)

கே: நீலப் பொடி தயாரித்து அம்மோனியா விட்டுப் பார்த்தேன். எடை ஏறவே இல்லை. (முதுகலை மாணவர், காரைக்குடி)

ப: எந்த நீலம் என்று எழுத வேண்டாமா? எச்.கே.யு.எஸ்.டி-1 என்ற தாமிரச் சட்டகம் என்றே வைத்துக்கொள்கிறேன். வெளிர்நீலமென்றால் தாமிரத்தின் காலி இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. வெற்றிடத்தில் 150 டிகிரியில் ராத்திரி முழுக்க வையுங்கள். அடர் ஊதா கலந்த நீலமாகும். ஆறுவதும் வெற்றிடத்திலேயே. அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்தால் சட்டகமே குலையும். அதே பொடியை மறுபடி நம்பாதீர்கள்.

கே: இந்தப் பொடியை ஜன்னல் வலையில் பூசினால் புழுதி, புகை நிற்குமா? (தேவகோட்டை)

ப: நிற்காது. துளை 1 நானோமீட்டர், பி.எம் 2.5 துகள் 2,500 நானோமீட்டர். இது வாயுவுக்கானது. தூசிக்கு ஹெப்பா வடிகட்டி வாங்குங்கள்.

கே: காற்றை வடிகட்டும் கரிக்கு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு, சட்டகத்துக்கு 2,000. அப்படியானால் இரட்டிப்பு நச்சைப் பிடிக்கும்தானே? (பள்ளத்தூர்)

ப: மாதம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது. அந்தப் பரப்பு, காய்ந்த பொடியில் −196 டிகிரியில் நைட்ரஜனை விட்டு அளந்தது. நம் ஊர்க் காற்று அப்படியா இருக்கிறது? 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதமென்றால் நூற்றுக்கு 3 பங்கு நீராவி. நச்சு வாயு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால், அதன் ஒரு மூலக்கூறுக்குப் போட்டியாக 30,000 நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன! இவ்வளவு குறைந்த செறிவில் மொத்தப் பரப்பு சோறு போடாது. வாயுவை இறுகப் பிடிக்கும் இடங்கள் எத்தனை என்பதே கணக்கு. யு.ஐ.ஓ-66 போன்ற சிர்க்கோனியச் சட்டகம் தண்ணீரில் குலையாது. அதிலேயே அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி சேர்த்த வகை நைட்ரஜன் டை ஆக்சைடையும் பிடிக்கும். விற்பவரிடம் பரப்பைக் கேட்காதீர்கள். ஈரக்காற்றை விட்டு எடுத்த பிரேக்த்ரூ வரைபடத்தை, அதாவது நச்சு எவ்வளவு நேரத்தில் சட்டகத்தைத் தாண்டி வெளியே வருகிறது என்ற படத்தை, கேளுங்கள். பொடியை மாத்திரையாக அழுத்துவதற்கு முன்பு எடுத்ததா, பின்பு எடுத்ததா என்றும் கேளுங்கள். அதிகம் அழுத்தினால் துளை நசுங்கும். பொடியாகவே குழாயில் நிரப்பினால் காற்றுப் போகாது. ஈரம், ஈரம் என்று நான் புலம்புவது இதற்குத்தான்.

கே: சட்டகம் தயாரிக்கப் பயன்படுத்திய டி.எம்.எஃப் கரைப்பான் வெளியேற, பொடியை வீட்டு ஓவனில் காயவைக்கலாமா?

ப: கூடவே கூடாது. டி.எம்.எஃப் தோல் வழியே ஏறி ஈரலைக் கெடுக்கும். கொதிநிலை 153 டிகிரி. துளைக்குள் இருப்பது வெறும் சூட்டுக்கு லேசில் வராது. ஆய்வகத்தில் நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் 3 நாள் மெத்தனாலில் ஊறவையுங்கள், தினமும் மாற்றுங்கள், பிறகு வெற்றிடம்.

கே: பாய்லர் புகையில் கந்தக டை ஆக்சைடு அதிகம். எத்தனை கிலோ சட்டகம் வேண்டும்? (கோட்டையூர்)

ப: காற்றோட்டமும் செறிவும் எழுதாமல் கிலோ கேட்டால்? முதலில் சுண்ணாம்புப் பால் தெளிப்பான் வையுங்கள். நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? மிச்சத்தை அளந்துகொண்டு எழுதுங்கள்.