தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், சிகாகோவில் ஓர் ஆசிரியர் வகுப்பை எப்படி நடத்துவது?

பாடத்தை நிறுத்திவிடாதீர்கள், கனத்தை மட்டும் குறையுங்கள். இரவெல்லாம் தூங்காத பிள்ளைக்குப் புதுப் பாடம் ஏறாது. அன்று தேர்வும் வேண்டாம். முதல் 10 நிமிடம் எழுதவோ வரையவோ விடுங்கள். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

"யார் சுட்டது?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வகுப்பில் சொன்ன பெயர் மாலைக்குள் தெருவுக்குப் போய்விடலாம். சொன்ன பிள்ளையின் உயிருக்கே அது ஆபத்து. பழிவாங்கும் பேச்சு காதில் விழுந்தால் நீங்களாக விசாரிக்காமல் உடனே பள்ளி ஆலோசகரிடமும் முதல்வரிடமும் சொல்லுங்கள்.

மேசையில் தலைசாய்ப்பதும் சின்னச் சத்தத்துக்குச் சீறுவதும் பெரும்பாலும் திமிர் அல்ல, பயம். தண்டனையாக அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அவன் போய்ச் சேருவது அதே தெருவுக்குத்தான்.

பலரும் கவனிக்கத் தவறுவது வீடு திரும்பும் வழியை. சிகாகோ பள்ளிகளில் 2009-இல் தொடங்கிய பாதுகாப்பான வழித் திட்டத்தில் அப்பகுதி மக்களே மேலங்கி அணிந்து காலையும் மாலையும் தெருமுனைகளில் நிற்கிறார்கள். 2013-இல் சுமார் 50 பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வேறு கும்பல்களின் எல்லையைக் கடக்க நேர்ந்தபோது இத்திட்டத்தின் வழிகள் அதிகரிக்கப்பட்டன. மாலை வகுப்பு வைத்தால் மேலங்கி அணிந்தவர்கள் தெருமுனையில் நிற்கும் நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.