ஓடும் ரயிலில் லேப்டாப்புக்கு நெட்: வாசகர் கேள்விகள்

தினம் 2 ஜிபி பிளான் போட்டிருக்கிறேன். போனில் நாள் முழுக்க நோண்டினாலும் மிச்சமாகிறது. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் அரை மணி நேரத்தில் காலி. என்ன காரணம்? (திருநெல்வேலி வாசகர்)

போனுக்குத் தன் டேட்டா அளவோடு கிடைப்பது என்று தெரியும். லேப்டாப்புக்குத் தெரியாது. வைஃபை கிடைத்தாலே வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்துக்கொண்டு, தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்ய ஆரம்பித்துவிடும். ஒருமுறை விழுப்புரம் தாண்டியதும் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். விருத்தாசலம் வருவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது. முந்தைய வாரக் கல்யாணப் படங்கள் முழுவதும் எனக்குத் தெரியாமல் கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏறிக்கொண்டிருந்தன. தப்பு என்னுடையதுதான்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு வழி இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபின் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராபர்டீஸுக்குப் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் நின்றுவிடும். மேக் என்றால் வைஃபை அமைப்பில் 'லோ டேட்டா மோட்'. கிளவுட் ஒத்திசைவையும் கையோடு நிறுத்திவையுங்கள், எல்லாச் செயலிகளும் இந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை.

தினசரி அளவு முடிந்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வாட்ஸாப் செய்தி போகும், லேப்டாப் வேலை நடக்காது.

வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி, ப்ளூடூத் மூன்றில் எது நல்லது? (ஓசூர் வாசகி)

பக்கத்தில் கேபிள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், யூஎஸ்பி டெதரிங்தான் (கேபிள் வழியாகப் போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது). போன் சூடாவது குறையும், லேப்டாப்பிலிருந்து சார்ஜும் ஏறும். நெரிசலான பெட்டியில் நாற்பது பேரின் வைஃபையோடும் ப்ளூடூத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மலிவான கேபிள்கள் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது. கேபிள் செருகியும் போனில் 'யூஎஸ்பி டெதரிங்' மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஐபோனை விண்டோஸில் செருகுவதென்றால் ஆப்பிளின் மென்பொருளை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம்: யூஎஸ்பி வழியாக வரும் இணைப்பை விண்டோஸ் 'ஈதர்நெட்' என்று காட்டும். மேலே சொன்ன மீட்டர்டு அமைப்பை அங்கேயும் தனியாகப் போட வேண்டும். வைஃபைக்குப் போட்டது இதற்குச் செல்லாது.

ப்ளூடூத் ரொம்ப மெதுவு. மெயில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஹாட்ஸ்பாட் என் பழைய லேப்டாப்பின் பட்டியலிலேயே வரவில்லை.

போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது, லேப்டாப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கிறது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் பேண்டை (அலைவரிசையை) 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோனில் அதன் பெயர் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'. லேப்டாப் இணையும்வரை ஹாட்ஸ்பாட் பக்கத்தை மூடாதீர்கள்.

ஜூம் மீட்டிங்கில் இருக்கும்போது போனில் அழைப்பு வந்தால் லேப்டாப்பின் நெட் அறுந்துவிடுகிறது. போனில் இரண்டு சிம். (கோயம்புத்தூர் வாசகர்)

இந்தக் கேள்வி மட்டும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் முழுமையாக வேலை செய்யும். முதல் சிம்மில் நீங்கள் பேசும்போது இரண்டாம் சிம்மின் டேட்டா காத்திருக்கும். பேசி முடித்தால் திரும்பும், அதற்குள் மீட்டிங் உங்களை வெளியே தள்ளியிருக்கும்.

பேசும் சிம்மிலேயே டேட்டாவையும் வைத்து, வோல்ட்டியை (4ஜி வழியாகவே பேசும் வசதி, VoLTE) ஆன் செய்துகொள்வது எளிய வழி. 4ஜியில் வோல்ட்டி இருந்தால் பேச்சும் நெட்டும் சேர்ந்தே ஓடும். இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், 2ஜியில் நெட் நிற்கும். சிம்மை மாற்ற முடியாது என்பவர்கள் சிம் அமைப்பில் 'அழைப்பின்போது டேட்டாவை மாற்று' என்ற பொருளில் உள்ள ஸ்விட்சைத் தேடுங்கள். போனுக்குப் போன் பெயர் மாறும். பேச்சு வரும் சிம்மிலும் டேட்டா பிளான் இருந்தால்தான் இது உதவும். ரொம்ப முக்கியமான மீட்டிங்கா? அந்த ஒரு மணி நேரத்துக்கு மற்ற சிம்மை அணைத்துவிடுங்கள், குடி முழுகிவிடாது.

ஸ்ரீநகர் போகிறோம். எங்கள் ப்ரீபெய்டு எண்கள் வேலை செய்யுமா?

செய்யாது. வெளி மாநில ப்ரீபெய்டு சிம்கள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்காது, போஸ்ட்பெய்டு இயங்கும். குடும்பத்தில் ஒருவருடையதையாவது கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டு, மற்றவர்கள் அவரது ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

துபாயில் மகன் வீட்டுக்குப் போகிறேன். வாட்ஸாப்பில் ஊருக்குப் பேசலாமா? பேங்க் ஓடிபி வருமா? (தஞ்சாவூர் அம்மா ஒருவர்)

வாட்ஸாப்பில் செய்தியும் படமும் போகும். குரல், வீடியோ அழைப்புகளை அமீரகம் தடுத்து வைத்திருக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் அங்கிருப்பவர்கள் பேசுகிறார்கள், மகனைக் கேட்டால் அவரே போட்டுத் தருவார். ஊரில் இருப்பவர்களின் போனிலும் அதே செயலி வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே சொல்லி ஏற்ற வையுங்கள்.

ஓடிபிக்கு இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். சர்வதேச ரோமிங்கை இங்கேயே ஆன் செய்துவிட்டு, 'டேட்டா ரோமிங்'கை மட்டும் அணையுங்கள். இரண்டும் வேறு வேறு: முதலாவது உங்கள் எண் அங்கே இயங்க, இரண்டாவது அதில் நெட் ஓட. டேட்டாவுக்கு உள்ளூர் சிம் அல்லது இ-சிம் (அட்டை செருகாமல் போனிலேயே பதியும் சிம்). ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும் என்பதால், தெரியாத எண் என்றால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். எண்களையெல்லாம் +91 சேர்த்துப் பதிந்துகொண்டால் அங்கிருந்து கூப்பிடும்போது தடுமாற வேண்டாம்.

கொங்கண் பாதையில் (மேற்குக் கடற்கரையோர ரயில் பாதை) போகும்போது ஆன்லைன் இன்டர்வியூ வருகிறது. ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கலாமா?

வேண்டாம். அந்தப் பாதையில் 90-க்கும் மேற்பட்ட குகைகள். ரத்னகிரி பக்கம் கர்புடே குகை மட்டும் சுமார் ஆறரை கிலோமீட்டர். நேரத்தை மாற்றித் தரச் சொல்லி இன்றே எழுதுங்கள். மாற்றவே முடியாது என்றால் போனிலேயே, குரல் மட்டும் போதுமா என்று கேளுங்கள். வீடியோவுக்கு மணிக்கு அரை ஜிபி, அதற்கு மேலும் இழுக்கும். குரலுக்கு அதில் சிறு பங்கு போதும், இடையில் துண்டித்தாலும் சட்டென்று திரும்பச் சேரலாம்.