கூரை மடக்கும் பழைய ஹெரால்டு: நிலைமையையும் மதிப்பையும் எப்படிக் கணிப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கன்வெர்டிபிள் ஒன்று வருடக்கணக்காக ஓடாமல் நிற்கிறது. ரெஸ்டோர் செய்யப்படாதது. நாலு லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா? எதைப் பார்த்து விலை சொல்வது?

பதில்:

காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஆர்சி புக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாடி வகை என்ற இடத்தில் சலூன் (நிலையான கூரை போட்ட கார்) என்று போட்டிருக்கிறதா, கன்வெர்டிபிள் (கூரை மடக்கும் கார்) என்று போட்டிருக்கிறதா? ஹெரால்டைப் பொறுத்தவரை பாதி விலை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நான் திருவொற்றியூர்க்காரன். மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். பழைய கார் வாங்கப் போகிற நண்பர்கள் துணைக்கு என்னைக் கூட்டிப் போவார்கள். அப்படி ஒருமுறை பெரம்பூரில் ஒரு ஹெரால்டு பார்த்தோம். சிவப்பு நிறம், துணிக்கூரை, பார்க்க அழகு. "ஃபேக்டரியிலேயே இப்படித்தான் சார் வந்தது" என்றார் விற்பவர். புத்தகத்தில் சலூன் என்று இருந்தது. கேட்டதும், "அந்தக் காலத்து கிளார்க் தப்பா எழுதிட்டான்" என்றார். கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பைத் தடவினேன். வரிசையாகப் போல்ட் ஓட்டைகள், பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அது கூரையைக் கழற்றிய சலூன். ஹெரால்டில் இப்படிக் கழற்றுவது ஏன் இவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1950களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. 1959இல் அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, அடுத்த வருடமே கன்வெர்டிபிளும் வந்தது. 1961 முதல் நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 948 சிசி என்ஜின். கூரையும் போல்ட்டில் நிற்கும் தனித்துண்டுதான். ஸ்பேனர் இருந்தால் ஒரு பகலில் கழற்றிவிடலாம். கழற்றியும் இருக்கிறார்கள்.

கழற்றினால் என்ன கெட்டுப்போகிறது? கூரை இல்லாமல் பிறந்த பாடியில் கதவுக்குப் பின்னால் உள்ள தூணுக்குத் தனியாகப் பலம் கொடுத்திருப்பார்கள். சலூனைத் திறந்த காரில் அது இருக்காது. இருந்தாலும் லோக்கல் வெல்டிங்கில் தட்டையான பட்டை வைத்திருப்பார்கள், பார்த்ததும் தெரியும். ஓடும்போது டாஷ்போர்டு நடுங்கும், கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2021இல் மத்திய அரசு மிகப் பழைய வண்டிகளுக்காகக் கொண்டுவந்த வின்டேஜ் விதியும் 50 வருடத்தைத் தாண்டிய, அசல் வடிவில் இருக்கிற, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். அதற்குப் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. கூரை வெட்டிய காரை வைத்துக்கொண்டு அந்த வழியை நம்ப முடியாது. ஆகவே அப்படிப்பட்ட காருக்குக் கன்வெர்டிபிள் விலை கொடுக்காதீர்கள். கூரை இல்லாத சலூனுக்கு என்ன விலையோ அதுதான்.

சரி, புத்தகம் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது இரும்பு. காலையில் போங்கள், வெளிச்சம் வேண்டும். படுத்துப் பார்க்க ஒரு கோணிச்சாக்கு, டார்ச், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய சின்ன காந்தம் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த டிங்கர் பாய் ஒருவர் ஒரு காரின் பின்பக்கம் முழுக்கக் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இது கார் இல்ல, பட்டியால செஞ்ச பொம்மை" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அதற்கு மேல் பேரம் நடக்கவில்லை.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நின்ற காருக்கும், அம்பத்தூரில் நின்ற காருக்கும் துரு ஒன்றல்ல. உப்புக்காற்றில் துரு உள்ளிருந்து வரும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு வடகம் போல உதிரும். காருக்குள் தரையில் விரித்திருக்கும் பாயைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தைப் பாருங்கள். பேட்டரி தட்டு அநேகமாக ஆசிட் அரித்து ஓட்டையாக இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் தகடும் அழுகியிருக்கலாம். ஹெரால்டில் அது வெறும் போல்ட் போட்ட மூடி, பாரம் தாங்குவதில்லை. மோரிஸ் மைனர் கன்வெர்டிபிளில் அதே இடம் போனால் காரே போன மாதிரி. இங்கே அப்படி இல்லை. ஆனால் சேசிஸிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டியது போல வந்து பாடியைத் தாங்குகிற அவுட்ரிகர்களை விடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள், குத்துங்கள். ணங் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அந்தத் துண்டு புதிதாகச் செய்துதான் மாட்ட வேண்டும். பின்பக்கம் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சுற்றியுள்ள சேசிஸையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

திறந்த காருக்கென்றே ஒரு சோதனை உண்டு. கதவைச் சாத்தி, சுற்றி இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. பிறகு பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். இடிக்கிறதா? அப்படியானால் சேசிஸ் வேலை இல்லாமல் அந்தக் கார் தேறாது.

வெள்ளம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் வடசென்னையில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்பது தெருக்காரர்களுக்குத் தெரியும். விற்பவரை விட எதிர்வீட்டு அம்மாவைக் கேட்பது நல்லது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் தண்ணீர் நின்ற கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கில் வண்டல் ஒட்டியிருக்கும். சேசிஸ் ஓட்டைக்குள் விரலை விட்டால் மண் வரும். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. அங்கே நின்ற வண்டி என்றால் ரப்பரும் வயரிங்கும் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பேன். நாலு சிலிண்டர் கொண்ட எளிமையான என்ஜின், பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். ஓடவில்லை என்றால் உங்களுக்கு லாபம்தான், பேரத்துக்கு வசதி. ஒன்று மட்டும்: விற்பவர் உற்சாகத்தில் பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பிஸ்டன் ரிங்கை வேகமாக இழுத்தால் நல்ல சிலிண்டரும் கீறிப்போகும்.

முன் சக்கரத்தின் கீழ் டிரனியனை மட்டும் மறக்காதீர்கள். வண்டி திரும்பும்போது அதில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அல்ல. பல மெக்கானிக்குகள் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே வறண்டு, துருவேறி, ஒருநாள் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நிற்கிற வண்டியில் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே வாங்கினால் ஓட்டும் முன் இரண்டு பக்கமும் பிரித்துவிடுங்கள். அந்தச் செலவை இப்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கூரை. துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, எப்படியும் புதிதாகத் தைக்க வேண்டியதுதான். ரெக்சின் தைக்க நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மடங்கும் இரும்புச் சட்டமும் கண்ணாடி மேல் விளிம்பில் மாட்டும் கொக்கிகளும் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஹெரால்டு கதவு கிடைக்கலாம், விளக்கு கிடைக்கலாம். கூரைச் சட்டம் கிடைக்கும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பேட்ஜ், விளக்குக் கண்ணாடி, மீட்டர், ஹேண்டில் போன்ற சின்னச் சாமான்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் சந்தோஷம். துருவை டிங்கர் சரிசெய்வார், இல்லாத சாமானை யார் செய்வது?

விலைக்கு வருவோம். இந்தக் காருக்கு ரேட் கார்டு கிடையாது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஆறு லட்சம் என்று போட்டிருக்கிறது பாருங்கள் என்று காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அந்தத் தொகை கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி வைத்துக்கொள்வது. சந்தை விலைக்கு அது சாட்சி ஆகாது. நான் செய்கிற கணக்கு பின்னாலிருந்து வரும். வேலை எல்லாம் முடித்த இதே மாதிரி கார் இன்றைக்கு எவ்வளவுக்குக் கைமாறுகிறது என்று பழைய கார் வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். கேட்கிற விலை வேண்டாம், கொடுத்த விலை வேண்டும். பேச்சுக்கு எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்டிங், கூரை, சீட், வயரிங், என்ஜின் எல்லாவற்றுக்கும் ஆட்களைக் கூட்டிவந்து மதிப்பு கேளுங்கள். நாலு லட்சம் சொன்னால் ஐந்தரை என்று எழுதுங்கள், பாடியைப் பிரித்தால் எப்போதும் கூடும். மிச்சம் இரண்டரை. நாலு கேட்கிறவரிடம் இரண்டில் ஆரம்பிக்கலாம்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு வகைக் காருக்குப் பொருந்தாது: மடங்கும் கூரையோடு பிறந்து, முதல் பெயின்ட் அப்படியே இருந்து, இரும்பும் நன்றாக இருக்கிற கார். பெயின்ட் மங்கியிருக்கலாம், சீட் வெடித்திருக்கலாம். அதைப் பிரித்துப் புதிதாக்கினால் இருக்கிற மதிப்பைக் குறைக்கத்தான் செய்வீர்கள். அப்படி ஒன்று என்றால் நாலு லட்சமும் அதிகமில்லை, பேரம் பேசிக் காலம் தாழ்த்தவும் வேண்டாம். பானெட்டைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள், அங்கே யாரும் மெனக்கெட்டு பெயின்ட் அடிக்க மாட்டார்கள். வெளியே இருக்கிற நிறமே அங்கேயும் பழையதாக இருந்தால் நல்ல அறிகுறி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எண் தகட்டின் ரிவெட் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். புத்தகத்தில் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா? பழைய வீடுகளில் தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்படியென்றால் வாரிசுகள் முதலில் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் உங்களுக்கு விற்கிற படிவம் 29, 30. வாரிசு ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்து வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள். பதிவு எந்த வருடத்தோடு முடிந்தது என்றும் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். இடையில் விட்டுப்போயிருந்தால் அந்தச் செலவும் அலைச்சலும் விற்பவர் கணக்கில்.

புத்தகத்தில் சலூன் என்று இருந்து, காரும் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: கழற்றின கூரை எங்கே? மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கிடந்தால் அதையும் சேர்த்து விலை பேசுங்கள். போல்ட்டில் நின்ற கூரை, திரும்ப மாட்டிவிடலாம். ஆர்சியும் பொருந்தும், கதவும் ஒழுங்காகச் சாத்தும்.