ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்: கேள்வி - பதில்

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4-இல் கொயருக்காக சொப்ரானோவையும் (மேல் குரல்) ஆல்டோவையும் (அதற்குக் கீழ்க் குரல்) ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசை) எழுதுகிறேன். வேண்டாத ரெஸ்ட்கள் (மௌனக் குறிகள்) வந்து குவிகின்றன. சிலவற்றை அழிக்க முடிகிறது, சில டெலீட் அழுத்தினாலும் போவதில்லை. ஏன்?
– வாசகர், பாளையங்கோட்டை

போகாமல் நிற்பவை முதல் வாய்ஸின் (ஸ்டாஃபில் தனியாக எழுதப்படும் ஒரு குரல் வரி) ரெஸ்ட்கள். ஒரு ஸ்டாஃபில் நான்கு வாய்ஸ் வரை எழுதலாம். ஒரு ரெஸ்டைத் தேர்ந்தெடுத்ததும் தெரியும் நிறமே அது எந்த வாய்ஸ் என்று சொல்லிவிடும்: முதலாவது நீலம், இரண்டாவது பச்சை, மூன்றாவது ஆரஞ்சு, நான்காவது ஊதா. பாரின் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலான தாளக் கட்டம்) கணக்கைச் சுமப்பது முதல் வாய்ஸ். 4/4 என்றால் அதில் நான்கு கிராட்செட் (ஒவ்வொன்றும் ஒரு பீட்) எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அதனால் அங்கே ரெஸ்டை அழிக்க முடியாது. 'வி' விசையால் மறைக்கத்தான் முடியும். மறைத்தது திரையில் சாம்பல் நிறமாகத் தெரியும், அச்சில் வராது.

மற்ற மூன்று வாய்ஸ்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆல்டோ மூன்றாவது பீட்டில் நுழைந்தால், முதல் இரண்டு பீட்டுக்கு மென்பொருள் தானாக ஒரு மினிம் ரெஸ்ட் போடும். வேண்டாமென்றால் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்துங்கள், போய்விடும். பாட்டு முழுக்க அப்படி இருந்தால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டாம். ஒரு பச்சை ரெஸ்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'செலக்ட்', பிறகு 'மோர்' போங்கள். 'சேம் வாய்ஸ்', 'சேம் ஸ்டாஃப்' இரண்டையும் டிக் செய்து ஓகே கொடுத்தால் அந்த வாய்ஸின் ரெஸ்ட்கள் மட்டும் பிடிபடும். அப்புறம் ஒரே டெலீட்.

ஆனால் அதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். சொப்ரானோ பாடும்போது ஆல்டோ மட்டும் நிற்கிறது என்றால் அந்த ரெஸ்ட் ஆல்டோ பாடுபவருக்குத் தேவை. அதை அழித்தால் ஒத்திகையில் "நாங்களும் பாடணுமா?" என்ற கேள்வி வரும். வைத்துக்கொண்டு, மேல் குரலின் சுரங்களில் இடித்தால் கீழ் அம்பு விசையால் இறக்கிவிடுங்கள். பியானோ நோட்டேஷனில் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஒரே ஆள்தானே இரண்டையும் வாசிக்கிறார்.

இரு குரலும் சேர்ந்து நிற்கும் இடத்தில் நடுவில் ஒரே ரெஸ்ட் போதும். 'ஸ்டாஃப்/பார்ட் பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'மெர்ஜ் மேட்சிங் ரெஸ்ட்ஸ்' இதற்குத்தான். இரண்டும் ஒரே பீட்டில், ஒரே அளவில் இருந்தால் மட்டுமே இணையும். ஒரு பக்கம் மினிம் ரெஸ்ட், மறு பக்கம் இரண்டு கிராட்செட் ரெஸ்ட் என்றால் இணையாது. பலர் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

அழித்த இடத்தில் மறுபடி ரெஸ்ட் வேண்டுமா? சுரம் எழுதும் நிலைக்கு வர 'என்' அழுத்தி, இரண்டாவது வாய்ஸுக்கு கன்ட்ரோல்+ஆல்ட்+2 கொடுத்து, அம்பு விசையால் அந்த பீட்டுக்குப் போய், அளவைத் தேர்ந்தெடுத்து (4 என்றால் கிராட்செட்டில் பாதியான குவேவர், 5 கிராட்செட், 6 மினிம்) பூஜ்யத்தைத் தட்டுங்கள். மென்பொருள் கிராட்செட், மினிமை 'குவார்ட்டர், ஹாஃப்' என்றே பேசுகிறதா? மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றினால் நாம் பழகிய பெயர்கள் வந்துவிடும்.

கிட்டார் பாடத்தில் பேஸை முதல் வாய்ஸிலும் மெலடியை இரண்டாவதிலும் எழுதிவிட்டேன். சுரங்களின் தண்டுகள் (தலையிலிருந்து மேலோ கீழோ போகும் கோடுகள்) தலைகீழ். ஒவ்வொன்றாக 'எக்ஸ்' அழுத்தித் திருப்பட்டுமா?
– வாசகி, கோவை

வேண்டவே வேண்டாம். 'எக்ஸ்' தண்டை மட்டும் திருப்பும். சுரம் அதே வாய்ஸில்தான் இருக்கும். ரெஸ்ட் தவறான உயரத்தில் நிற்கும், புதிதாகச் சேர்க்கும் சுரம் மறுபடி தப்பான பக்கம் திரும்பும். முதல் பாரை கிளிக் செய்து, கடைசி பாரை ஷிஃப்ட்+கிளிக் செய்யுங்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்சஸ்', அதில் 'எக்ஸ்சேஞ்ச் வாய்ஸ் 1-2'. முழு முழு பாராகவே தேர்ந்தெடுப்பது நல்லது. நாலைந்து சுரம் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது என்றால் அவற்றைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+2 போதும். முதல் வாய்ஸில் காலியான இடத்தை ரெஸ்ட் நிரப்பிக்கொள்ளும்.

இரண்டும் ஒரே தாளத்தில் போகிற பார்களுக்கு இரண்டாவது வாய்ஸே தேவையில்லை. ஷிஃப்ட்+எழுத்து அழுத்தி, கார்டாக (ஒரே தண்டில் பல சுரம்) சேர்த்துவிடுங்கள்.

இரு குரலும் ஒரே சுரத்தில் சந்திக்கும்போது சில இடத்தில் ஒரே தலை (சுரத்தின் முட்டை வடிவக் குறி) வருகிறது, சில இடத்தில் இரண்டு தலை பக்கம் பக்கமாக நிற்கின்றன. கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. கிராட்செட்டும் குவேவரும் கறுப்புத் தலை என்பதால் ஒன்றைப் பகிர்ந்து, மேலொரு தண்டும் கீழொரு தண்டும் வைத்துக்கொள்ளும். மினிமின் தலை வெற்றுத் தலை. கிராட்செட்டோடு பகிர்ந்தால் எது யாருடைய அளவு என்று தெரியாமல் போகும். ஒன்றில் புள்ளி இருந்து மற்றதில் இல்லையென்றாலும் இதே கதை. இரண்டு தலை நிற்கட்டும்.

இசைக்குறிப்பைக் கட்டளைகளாகத் தட்டி எழுதும் மென்பொருளான லிலிபாண்டில் இரண்டு குரலாகப் பிரித்ததும் பாடல் வரிகள் காணாமல் போகின்றன.
– வாசகர், யாழ்ப்பாணம்

இரட்டைப் பின்சாய்வுக் கோட்டால் பிரித்தால் இரு பக்கமும் புது வாய்ஸ்களாகிவிடும். வரிகள் பழைய வாய்ஸோடு கட்டப்பட்டிருப்பதால் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு குரலுக்கும் நீங்களே பெயர் வைத்து வாய்ஸ் உருவாக்கி, 'வாய்ஸ்ஒன்', 'வாய்ஸ்டூ' கட்டளைகளால் தண்டின் திசையைச் சொல்லி, வரிகளை அந்தப் பெயரோடு இணையுங்கள். ரெஸ்ட் அச்சில் தெரிய வேண்டாத இடத்தில் 'ஆர்'-க்குப் பதில் 'எஸ்' எழுதுங்கள்; நேரக் கணக்கு அப்படியே இருக்கும், குறி மட்டும் வராது.